தம்பியின் வாயைக் கழுவியவர்கள்

போன மாதம் நம் சத்துவாச்சாரி முதியோர் கூட்டத்தில் ஒரு விவாதம் வைத்தோமே, நினைவிருக்கிறதா? மனிதருக்கு மனிதர் பார்க்கிற ஏற்றத்தாழ்வை இந்தச் சமுதாயத்திலிருந்து ஒரேயடியாக ஒழித்துவிட முடியுமா என்பது தலைப்பு. முடியும் என்று பேசியவன் என் தம்பி. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டான். படிப்பு வந்தால் போதும், எல்லாம் தானாக விலகிவிடும் என்று அடித்துச் சொன்னான். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், கூடப் பிறந்தவள் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது. பிறகு என்னைப் பேசச் சொன்னீர்கள். தொண்டை சரியில்லை என்று தப்பித்துக்கொண்டேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. வாயைத் திறந்தால் தம்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும், அவனை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் தோல் ஊர்ப் பிள்ளைகள். உங்களுக்கு அந்த வாடையை நான் விளக்க வேண்டியதில்லை. மேல்விஷாரத்துக்கு வெளியே, பாலாற்றங்கரையில் இருந்த தோல் பதனிடும் ஷாப்பில்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேலை. நைனா சுண்ணாம்புக் குழியில் நிற்பவர். அம்மா ஊறின தோலிலிருந்து மயிர் வழிப்பவள். நாங்கள் பிள்ளைகள் தோலைப் பதப்படுத்தக் கொட்டி வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியல்மேல் ஏறிச் சறுக்கி விளையாடுவோம், வீட்டுக்கு வரும்போது பாவாடையெல்லாம் பழுப்பாக இருக்கும். சாலையில் போகிற மாட்டுவண்டிக்காரர்கள் ஷாப்பு நெருங்கும்போதே துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் அதே இடத்தில் அம்மா எங்களுக்குக் கூழ் ஊற்றுவாள், நாங்கள் கருவாட்டைக் கடித்துக்கொண்டு அவர்களை வேடிக்கை பார்ப்போம். அவர்களுக்கு என்னதான் ஆயிற்று என்று எனக்கு உண்மையிலேயே புரியாது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது தம்பி பிறந்தான். நைனா ஷாப்பு ஆட்களுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தார். அதே வாரத்தில் முதலாளி சாயபு வீட்டிலும் அவருடைய மருமகளுக்கு ஆண் குழந்தை. மருமகளுக்குப் பிள்ளை பெற்ற உடம்பில் காய்ச்சல் வந்து பால் இல்லாமல் போய்விட்டது. பிள்ளை கத்துகிறது. அப்போதுதான் அந்த வீட்டுப் பெரியம்மா, நாங்கள் பெரிய பீபி என்று சொல்வோம், ஷாப்பில் யாருக்காவது பால் நன்றாக இருக்கிறதா என்று ஆள் விட்டு விசாரித்தார். அம்மாவுக்கு இருந்தது. இரண்டு பிள்ளைக்கும் மேலே இருந்தது.

அந்த வீட்டுக்குள் அம்மா போன முதல் நாள் நானும் கூடவே போனேன். ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கிராமத்துத் தெருக்களில் எங்களால் செருப்புப் போட்டு நடக்க முடியாது. சாயபு வீட்டில் எங்களை வாசல் வழியாகவே உள்ளே கூப்பிட்டார்கள். பாய் விரித்து அம்மாவை உட்கார வைத்தார்கள். அம்மா சாப்பிட்டால்தான் பால் ஊறும் என்று அவளுக்குக் கறிக்குழம்பும் ரொட்டியும் கொடுத்தார்கள், எனக்கும் ஒரு தட்டு. அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன்பு தின்றதில்லை.

பெரிய பீபி நல்ல உயரம். வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, பேரனை அம்மா மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னியிலேந்து நீ இவனுக்கு தூத் மா. அப்டின்னா பால் குடுத்த தாய். பெத்தவளும் நீயும் எங்களுக்கு ஒண்ணு. புரிஞ்சுதா?"

அம்மா தலையை ஆட்டினாள். பீபி என் பக்கம் திரும்பினார்.

"இன்னா பொண்ணு, நீ இவனுக்கு அக்கா. எங்க சட்டத்துல ஒரே பால் குடிச்சதுங்க கூடப் பொறந்ததுங்க. நாளைக்கு இவன் பெரிய ஆளானாலும் உன்ன அக்கான்னுதான் கூப்பிடணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜரிகைக் குல்லா போட்ட ஒரு தம்பி! வீட்டுக்கு ஓடிப்போய்த் தெரு முழுக்கச் சொன்னேன்.

அம்மா தினம் காலையும் சாயங்காலமும் போய்ப் பால் கொடுத்தாள். முதலில் அந்தப் பிள்ளை, பிறகு எங்கள் தம்பி. அம்மா கொடுத்து முடித்ததும் பெரிய பீபி பேரனை வாங்கிக்கொள்வார். பக்கத்தில் ஒரு வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு இருக்கும். நீண்ட கழுத்து, நுனியில் சின்னச் சின்னத் துளைகள். அதிலிருந்து ஒரு பஞ்சில் பன்னீர் தெளித்து, பிள்ளையின் உதட்டையும் ஈறையும் நாக்கையும் மெல்லத் துடைப்பார். அறை முழுக்க ரோஜா வாசனை. ஷாப்பு வாடையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வாசனையில் மயக்கமே வரும். பணக்கார வீட்டில் பிள்ளைக்கு எவ்வளவு செல்லம் பாருங்கள் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் தம்பிக்கு ஒருநாள் இப்படிச் செய்தால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கோடை வந்தது. மருமகளுக்கு உடம்பு தேறி, பிள்ளையோடு ஆம்பூரில் இருந்த தாய் வீட்டுக்குப் போனாள். அங்கே பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொந்தத்திலேயே வேறு ஏற்பாடு. போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை பொய்யில்லை. பெரிய பீபி ஒரு பச்சைச் சேலையும், ஒரு சீசா பன்னீரும் கொடுத்தார். அந்தச் சேலையை அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் கட்டுவாள். பிறகு அது என்ன ஆயிற்றோ, எனக்குத் தெரியாது. சீசாவை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

அந்தக் கோடையில்தான் எங்கள் தெருவில் காய்ச்சல் புகுந்தது. நைனாவுக்கு வந்து போயிற்று, எனக்கு வந்து போயிற்று, அம்மாவுக்கு வந்தது மட்டும் போகமாட்டேன் என்றது. அவள் எழுந்து உட்கார்ந்தபோது மார்பில் சொட்டுப் பால் இல்லை. தெருவில் கைக்குழந்தை வைத்திருந்த மற்ற இரண்டு பேரும் அதே காய்ச்சலில் கிடந்தார்கள். ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தோம், பேதி ஆனது. பசும்பாலும் நிற்கவில்லை. தம்பி இளைத்து இளைத்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தான். நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போனார். அவர் எங்கள் வாசலுக்கு வரமாட்டார், தன் வாசலில் நிறுத்தித் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "எவளாவது ஒருத்தி பால் கொடுத்தா பொழைப்பான். இல்லன்னா கர்த்தர் விட்ட வழி" என்றாராம். எங்கள் கர்த்தரைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறையை நைனா கடைசிவரை மறக்கவில்லை.

தெருவுக்கு அடுத்த பக்கம் கூட்டிப் பெருக்கி, சாயபுமார் தெருவில் கக்கூஸ் எடுக்கிற ஒரு அம்மா வருவாள். தெலுங்குப் பேச்சு கலந்து பேசுவாள். அவளை நாங்கள் கூட்டுகிறவள் என்றுதான் சொல்வோம், வேறு பேர் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவள் முதுகிலும் துணியில் கட்டின ஒரு பெண் குழந்தை. ஒரு காலை எங்கள் வீட்டுப் பின்பக்கம், படலுக்கு அந்தப் புறம் நின்று கூப்பிட்டாள்.

"ஷாப்பம்மா! உன் புள்ள அழுவுற சத்தம் நேத்திக்கு வேற மாரி இருந்துச்சு. இன்னிக்கி அதுவும் காணோம். இன்னா ஆச்சு?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"எனுக்கு இருக்குது. உனுக்கு வேணும்னா குடுக்கறேன்" என்றாள் அவள், சாதாரணமாக.

அம்மா தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "தெருவுல தெரியக் கூடாது" என்றாள்.

பட்டைக் குவியலுக்குப் பின்னால் ஒரு மறைவு உண்டு. யாராவது வந்தால் பாட வேண்டும் என்று சொல்லி என்னை முன்னால் நிறுத்தினார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்பிக்கு முதலில் உறிஞ்சவே தெம்பில்லை. அவள் தானே பிழிந்து அவன் உதட்டில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் பிடித்துக்கொண்டான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவும் அழுதாள். அந்த நிமிஷம் அந்தப் பெண்தான் எனக்குக் கடவுள்.

அவள் போனதும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்து பன்னீர் சீசாவை எடுத்தாள். பழைய துணியில் ஊற்றித் தம்பியின் உதட்டை, ஈறை, நாக்கைத் தேய்த்தாள். பீபி மாதிரி மெல்ல இல்லை. அழுத்தித் தேய்த்தாள். தம்பி வீறிட்டான். வீடு முழுக்க ரோஜா வாசனை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம் தம்பிக்கும் பன்னீர்! பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எதையோ மிதித்துவிட்டுக் காலைக் கழுவுகிறவர்களின் முகம்.

"ஏம்மா இப்டி தேய்க்கிற?" என்றேன்.

"இன்னாத்த குடிச்சானோ, எந்தக் கையோ... கழுவாம வுட்றுவாங்களா? பெரிய பீபி செஞ்சத நீ பாத்ததே இல்லியா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது! அந்த வெள்ளிச் சொம்பு, பஞ்சு, வாசனை எல்லாம் எங்களைத் துடைப்பதற்காக. தெரிந்துகொண்டே மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை முத்தம் கொடுத்துக் கொஞ்சியும் இருக்கிறாள். ரோஜா வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. கல்யாண வீடுகளில் பன்னீர் தெளிக்கும்போது நான் ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்து நீங்கள் என்னைக் கேலி செய்ததுண்டு.

பீபியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரன் பிழைக்க வேண்டும் என்பதும் உண்மை, அம்மாவைத் தாய் என்று சொன்னதும் உண்மை, துடைத்ததும் உண்மை. அந்த வீட்டுத் தொட்டில்கூடத் தோல் விற்ற காசில் வந்ததுதான். ஆனால் தோலை விற்கிறவர் வேறு, ஊற வைக்கிறவர் வேறு.

கூட்டுகிறவள் வந்து பால் கொடுப்பது நாலைந்து நாள் நடந்தது. தம்பி கொஞ்சம் தேறினான். அவள் போனதும் அம்மா கழுவுவாள். நான் பார்க்காமல் வெளியே போய்விடுவேன். அப்புறம் ஒரு நாள், தம்பி குடித்து முடித்த கையோடு அவளுடைய பெண் குழந்தை முதுகில் அழுதது. அவள் அதை முன்னால் எடுத்தாள். எடுத்தவள், பக்கத்தில் இருந்த தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி, தம்பி குடித்த மார்பை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். அப்புறம்தான் தன் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு கழுவுற?"

"கழுவாம? உங்க புள்ள வாய் பட்டதாச்சே."

"என் புள்ள வாயா? என் புள்ள வாய்க்கு இன்னா?"

"கோவிச்சுக்காத ஷாப்பம்மா. நீங்க மாட்டுத் தோல ஊற வெக்கிறவங்க. நாங்க கக்கூஸ் எடுக்கறோம், இல்லன்னு சொல்லல. ஆனா செத்தத தொடமாட்டோம். எங்க ஆளுங்க உங்க வூட்ல தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. புள்ள அழுவுதேன்னு நான் வர்றேன். எங்க மாமியாருக்கு தெரிஞ்சா என்ன அடுப்பாண்ட வுட மாட்டா."

அவள் குரலில் கோபமே இல்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குத் தெரிந்து அம்மாவின் முகம் அப்படி மாறினது அந்த ஒரு தடவைதான். தன்னைக் காட்டிலும் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒன்றுதான் அம்மாவுக்கு இருந்த ஆறுதல். அந்த ஒருத்தி தன்னைக் கீழே வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போடி! பீ அள்ற கைக்கு நாங்க தீட்டா? இந்தப் பக்கம் கால வெக்காத!"

தம்பியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவளும் சளைக்கவில்லை. "உன் புள்ள, உன் இஷ்டம்" என்று தன் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுக்க தம்பி பட்டினி. ஆட்டுப்பாலை ஊற்றினோம், கக்கினான். சாயங்காலம் அழுகை நின்றுவிட்டது. நான் அம்மாவின் காலைப் பிடித்தேன். "அவங்கள கூப்பிடும்மா, கூப்பிடும்மா" என்று கதறினேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பெற்ற பிள்ளை கண்ணெதிரில் சாகிறது, எங்கள் அம்மா ரோஷப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பிறகு பிரசவ வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்தவள், சாவு நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாயங்காலத்தைப் போல எதுவும் என்னை உலுக்கினதில்லை.

நைனா ஷாப்பிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். குழியில் நின்று வெடித்த காலோடு அம்மாவுக்கு எதிரில் குந்தினார்.

"கழுவுனா கழுவிட்டுப் போறா. நாமளும்தான் கழுவுறோம். இப்போ இன்னா கெட்டுப் போச்சு? புள்ள வேணுமா, வேணாமா?" என்றார்.

அம்மா எழுந்தாள்.

விடிந்தும் விடியாமலும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், நானும் ஓடினேன். கூட்டுகிறவர்கள் குடிசைப் பக்கம் அம்மா போகவில்லை, அங்கே கால் வைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. அவர்கள் ஆற்றைத் தாண்டித்தான் வேலைக்கு வருவார்கள் என்று தெரிந்து, பாலாற்று மணலில் நடுவில் போய் நின்றாள். ஆற்றில் தண்ணீர் ஏது? மணல்தான். கொஞ்ச நேரத்தில் விளக்குமாறும் கூடையுமாக அவள் வந்தாள். எங்களைப் பார்த்து நின்றாள்.

"குடுங்கம்மா" என்றாள் அம்மா. அவளை அம்மா 'ங்க' போட்டுப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

அவள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். கையை நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டாள். அவன் உயிர் பிழைத்தது அந்த இடத்தில்தான்.

குடித்து முடித்ததும் இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தண்ணீர் வேண்டும். அம்மா என்னைப் பார்த்து, "தோண்டுடீ" என்றாள். நான் கையாலேயே மணலைத் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரந்தது, கலங்கலாக வந்து மெல்லத் தெளிந்தது. அந்த ஒரே ஊற்றில் இந்தப் பக்கம் அம்மா கை விட்டுத் தம்பியின் வாயைக் கழுவினாள். அந்தப் பக்கம் அவள் கை விட்டுத் தன் மார்பைக் கழுவினாள். இருவர் கையும் தண்ணீருக்குள் முட்டிக்கொண்டன. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மழை வரும் வரைக்கும் தினமும் அதே மணலில் நடந்தது. போகப் போக இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அவள் மாமியாரைப் பற்றி, அம்மா ஷாப்பு மேஸ்திரியைப் பற்றி. விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா தேறினதும், தான் தின்னாத முட்டையை அவளுக்கு என்று எடுத்து வருவாள், ஓட்டோடு இருப்பதால் அவளும் வாங்கிக்கொள்வாள். ஒருநாள் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் அம்மா அன்று முழுக்க முழங்காலில் நின்று ஜெபித்தாள். தோஸ்த் என்றால் அப்படி ஒரு தோஸ்த். ஆனால் ஒரு நாளாவது கழுவாமல் எழுந்தார்களா என்றால், இல்லை. சிரித்துக்கொண்டே கழுவினார்கள்.

எனக்குப் பீபி சொன்ன சட்டம் நினைவுக்கு வந்தது. அவள் மடியில் இருந்த பெண் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "அப்போ இவ எனக்குத் தங்கச்சிதானே?"

"ச்சீ! வாய மூடு!" என்றார்கள். இருவரும் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில். அந்தக் கோடையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அது.

மழை வந்து பாலாற்றில் தண்ணீர் ஓடியது. தம்பி கூழ் தின்ன ஆரம்பித்துவிட்டான். அவளை வேறு ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றார்கள், நாட்றம்பள்ளி என்று யாரோ சொன்னார்கள். அம்மா சாகும்வரை தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

விவாதம் முடிந்த அன்று சாயங்காலம் தம்பி என்னோடு வீட்டுக்கு வந்தான். கை தட்டலின் சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, காபி கலந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பீபியிலிருந்து மணல் ஊற்று வரை. அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அந்தத் தாய் பேர் இன்னாக்கா?"

"தெரியலடா. யாரும் கேக்கல."

"அடுத்த கூட்டத்துல இதச் சொல்லப் போறேன். எனக்குப் பெருமக்கா. நிஜமா பெரும" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நான் அவனைத் தூக்கி வளர்த்தவள், அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பயந்தது வீண் என்று நினைத்து நானும் அழுதேன்.

முகம் கழுவி வருகிறேன் என்று பின்பக்கம் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வேறொரு சத்தம். நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். தம்பி குனிந்து வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தான். மறுபடி, மறுபடி. விரலை விட்டு நாக்கைத் தேய்த்தான். உள்ளே மேஜைமேல் நான் வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது, அவன் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏண்டா வாய் கொப்புளிச்ச?" என்றேன்.

மீசையில் தண்ணீர் சொட்ட, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

"நானா?" என்றான்.